செய்தித்தாளை நிமிர வைத்தவன்

காசில்லை, கருவியில்லை, கைதூக்கிவிட ஆளில்லை. இந்தப் பல்லவியை இன்றோடு நிறுத்து!

ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி, 1920களின் இறுதி. ஆசிரியர் ஜோசப் ஆல்பர்ஸ் ஒரு கட்டு செய்தித்தாளோடு வகுப்புக்குள் வந்தார். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, ஏதாவது செய்யுங்கள், கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் முடிந்தால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அங்கே படித்த ஹான்னஸ் பெக்மன் பின்னாளில் எழுதிவைத்த நினைவு இது.

சில மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கோட்டைகள், விமானங்கள், விலங்குகள்! அத்தனையையும் அவர் ஒதுக்கினார். வேறு பொருளில் இதைவிட நன்றாகவே செய்யலாமே, இதற்குத் தாள் எதற்கு? அவர் சுட்டிக்காட்டியது, ஹங்கேரியிலிருந்து வந்திருந்த ஓர் இளம் கட்டடக்கலைஞனின் வேலையை. அவன் தாளை நெடுக மடித்து நிறுத்தியிருந்தான். அவ்வளவுதான்! துவண்டு கிடந்த தாள், மடிப்பு விழுந்ததும் விறைத்துக்கொண்டு தன் மெல்லிய விளிம்பிலேயே நின்றது. படுத்திருந்தவரை ஒரு முகம். நிமிர்ந்ததும் இரண்டு முகம்.

அந்த ஆசிரியர் மட்டும் என்ன, செல்வத்தில் புரண்டவரா? பள்ளி வாத்தியாராக இருந்தவர், 32 வயதில், 1920இல் பௌஹவுஸில் மாணவராகச் சேர்ந்தார். பொருள் வாங்கப் பணமில்லை. பௌஹவுஸ் அப்போது இருந்த வைமர் நகரத்தின் குப்பைமேட்டில் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிவந்து கலையாக்கினார். 1923இல் அதே பள்ளியில் பாடம் நடத்தினார். குப்பைமேட்டுக்குப் போகக் கூசாதவனை எந்தக் கொம்பன் தடுப்பான்?

உனக்கும் ஒரு வேலை தருகிறேன். ஜப்பானியக் கட்டடக்கலைப் பேராசிரியர் மசாஹிரோ சாட்டானி 1980களில் ஒற்றைத் தாளிலிருந்து கட்டடங்களையே எழுப்பிக் காட்டிய வித்தையின் முதல் படி இது. தாளை நடுவில் மடி. மடிப்போரத்திலிருந்து உள்நோக்கி, இரண்டு விரல் இடைவெளியில், ஒரே நீளத்தில் இரண்டு வெட்டு. அவை முடியும் இடத்தில் பட்டையை முன்னும் பின்னும் மடித்துத் தடம் பதி. இனித் தாளைச் சுவரும் தரையுமாகப் பாதி விரித்து, நடுப்பட்டையை உன் பக்கம் இழு. படி ஒன்று எழும்! ஒட்டவும் இல்லை, ஒரு துணுக்கு கீழே விழவும் இல்லை. இருந்த தாள்தான், இப்போது அதற்கு நீளம், அகலத்தோடு உயரமும் உண்டு.

முதல் வெட்டு கோணும். பட்டை கிழியும். கிழியட்டுமே! பழைய நோட்டில் வெற்றுப் பக்கங்களுக்கா பஞ்சம்? அடுத்ததைக் கிழித்தெடு.