செவியின்பமும் அளவறிதலும்

சென்ற தைத் திங்களில் நம் இல்லத்திற்குப் புதிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வந்தது. 20 ஆண்டுகள் உழைத்த பழைய கருவி பழுதுற்றமையால் வாங்கியது அது. இசைத்தட்டுக் கருவியோடும் பழைய ஸ்பீக்கர்களோடும் அதனை இணைத்து, அன்று மாலையே ஒரு வீணைத் தட்டினைச் சுழலவிட்டோம். மீட்டிய தந்தியின் நாதம் தேய்ந்து மறையும் தறுவாயும், மெட்டுகளின்மேல் விரல் வழுக்கும் மெல்லோசையும், அதுவரை நாம் அறியாதவையாய்ச் செவியில் வந்து விழுந்தன. பெரிதும் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அத்தட்டு ஒலிக்கும்போதெல்லாம் நம் அன்னையார் உடன் சேர்ந்து மெல்லப் பாடுவது வழக்கம். அன்றும் பாடினார். நுண்ணிய ஒலி கெடுகின்றதே என்றெண்ணி நாம் கையமர்த்தினோம். அவர் ஒன்றும் கூறாது எழுந்து உள்ளே சென்றுவிட்டார். தட்டு ஓய்ந்த பின்னரே, செய்தது இன்னதென்பது நமக்கு உறைத்தது.

நல்லிசை கேட்டு மகிழ்வது குற்றமா? அன்று எவ்விடத்தில் நாம் தவறினோம்?

உணவு போன்று ஒருமுறை நுகரப்படுவதைப் போகம் என்றும், ஆடை அணிகலன் போன்று மீண்டும் மீண்டும் நுகரப்படுவதை உபபோகம் என்றும் நம் அறநூல்கள் பிரித்துரைக்கின்றன. இசைக்கருவி பின்னதன்பாற்படும். இல்லறத்தார்க்கு இவை முற்றும் விலக்கப்பட்டவையல்ல. அளவு செய்துகொள்க என்பதே விதி. பொருளை உடைமையாக வைத்திருத்தலினும், அதன்பால் கொள்ளும் மயக்கமே பரிக்கிரகம் என்பது நம் மரபின் தெளிவு. ஆதலின் ஆராயத்தக்கது கருவியன்று, நம் உள்ளமே.

ஒலியின் இயல்பே இதற்கொரு பாடம் கற்பிக்கின்றது. 40 வாட் ஆற்றலை 80 வாட் ஆக்கினால் ஒலி இருமடங்காகக் கேட்கும் என்று எண்ணுவோம். உண்மையில் 3 டெசிபல் மட்டுமே கூடும். செவிக்கு அது சிறு வேறுபாடே. இருமடங்காய்த் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு, அதாவது 400 வாட் வேண்டும். பொருள் பெருகும் அளவிற்கு நுகர்ச்சி பெருகுவதில்லை. இதனை அறிந்தும், புதிய கருவி வந்த ஒரு வாரத்திற்குள் ஸ்பீக்கர்களையும் மாற்றினால் என்ன என்னும் எண்ணம் நம்முள் எழுந்ததே! பாட்டைக் கேட்பதை விடுத்துக் கருவியைக் கேட்கத் தொடங்கிவிட்டோம்.

வீணை தனம்மாள் (1867 - 1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்க இசைவாணர் பலர் கூடுவர். ஒலியைப் பெருக்கும் கருவி எதுவும் அங்கில்லை. மெல்லிய நாதம், அதனைப் பெறக் கேட்போர் தம் அரவத்தை அடக்கிக்கொண்டனர். அங்கே அடங்கியவர் தாமே விரும்பி அடங்கினர். நாமோ பிறரை அடக்கினோம். அதுவும் உயிருள்ள குரலை, உயிரற்ற கருவியின் பொருட்டு. நம் தவறு நின்ற இடம் இதுவே. இன்பம் குற்றமன்று, அதன்பொருட்டு ஓர் உயிரின் உள்ளம் நோவச் செய்ததே குற்றம்.

இக்கருவிக்குள்ளேயே இதற்கு மருந்தும் இருக்கக் கண்டோம். அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் பிளாக், நெடுந்தொலைவுத் தொலைபேசிக்கான ஆம்ப்ளிஃபயர்களில் ஒலி திரிபடைவதை நீக்கப் பல்லாண்டு முயன்றார். 1927 ஆகஸ்ட் 2 அன்று, பணிக்குச் செல்ல ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கையில் வழி புலப்பட, கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே குறித்துக்கொண்டார். வெளிவரும் ஒலிக்குறியில் ஒரு பகுதியை எதிர்முகமாக்கி, உள்வரும் குறியோடு மீண்டும் சேர்த்தால் திரிபு குறையும் என்பதே அது. ஆனால் அதற்கொரு விலை உண்டு: பெருக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தாக வேண்டும். பெருக்கவென்றே பிறந்த கருவி, பெருக்கத்தைத் துறந்து தூய்மையைப் பெறுகின்றது. இன்றைய இசைக்கருவிகளுள் மிகப் பலவும் இம்முறையைத் தழுவியனவே.

நாள்தோறும் தன் செயலைத் தானே திரும்ப நோக்கிப் பிழை களைதல் நமக்குப் புதிதன்று. பிரதிக்கிரமணம் என்று அதனைப் போற்றுகிறோம். வெளியே சென்ற சொல்லும் செயலும் எப்படிச் சென்றன என்று உள்ளே கொணர்ந்து ஒப்பிடாத உள்ளம், எத்துணை ஆற்றல் பெறினும் திரிபையே பெருக்கும்.

மறுநாள் அன்னையாரிடம் பொறுத்தருள வேண்டினோம். "பாட்டு நன்றாகத்தானே இருந்தது, நான்தான் இடைஞ்சல் செய்தேன்" என்றார். அச்சொல் முந்தைய நாளின் மௌனத்தினும் மிகுதியாய்ச் சுட்டது.

நமக்கு நாமே இரண்டு அளவுகள் விதித்துக்கொண்டோம். மாலையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் கருவி ஒலிப்பதில்லை. ஐந்தாண்டுகளுக்குப் புதிய இசைக்கருவி எதுவும் வாங்குவதில்லை. சிறிய நியமங்களே எனினும், காக்கத் தொடங்கியபின் அந்த ஒரு மணி நேரம் முன்னினும் இனிக்கின்றது.

அன்னையார் மீண்டும் பாட இரண்டு வாரங்கள் ஆயின. இப்போது அவர் குரலெடுக்கும்போது, நாம் எழுந்து கருவியின் ஒலியைச் சற்றே குறைத்து வைக்கிறோம்.