காணா நீரும் கருதலளவையும்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்டோர் பலர். பாடிய மீனைக் கண்டோர் அரியர். கல்லடிப் பாலத்தருகே நிலவொளியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி, மறுநுனியைச் செவியோடு பொருத்திக் கேட்பது அப்பகுதியினர் வழக்கம். ஓசையை எழுப்புவது மீனோ, சிப்பியோ, பாறையிடுக்கிற் புகும் நீரோ என்பதிற் கருத்து வேற்றுமை உண்டு. ஓசை உண்டென்பதில் ஐயமில்லை.

தோணியில் இருப்போன் வாவிக்குச் செய்வதையே புவியியலாளர் பூமிக்குச் செய்கின்றனர். மனிதர் துளைத்த துளைகளுள் மிக ஆழமான உருசியக் கோலாத் துளை 12 கிலோமீற்றரைச் சிறிதே கடந்தது. அவர்கள் பேசுவதோ 410 முதல் 660 கிலோமீற்றர் வரை ஆழத்திலுள்ள பாறைப்படையைப் பற்றி. அப்படையின் பளிங்குகளில் நீர் பிணைந்துள்ளது என்றும், அப்பாறை மேலும் கீழிறங்குகையில் நீரை வெளிவிட, ஒரு பகுதி உருகிக் குழம்பாகின்றது என்றும் அவர்கள் கருதுகின்றனர். வட அமெரிக்காவின் அடியில் நிலநடுக்க அலைகள் தளர்வதைக் கொண்டு ஸ்மான்ற், யேக்கப்சன் முதலியோர் 2014 இல் இம்முடிபை வெளியிட்டனர்.

காட்சி, கருதல், உரை என அளவைகளை மூன்றாக வகுப்பர் சைவசித்தாந்த நூலோர். புகை கண்டு தீயுண்டெனத் துணிபவன், அடுக்களையில் இரண்டையும் ஒருங்கே கண்டு பழகியவன். அப்பழக்கம் இல்லாதவனுக்குப் புகை வெறும் புகையே. உருகிய பாறையையும் தளர்ந்த அலையையும் 660 கிலோமீற்றர் ஆழத்தில் ஒருங்கே கண்டவர் யார்? ஆய்வுகூடத்தில் மணலளவான துணுக்கை இரு வைர முனைகளுக்கிடையே நெருக்கிச் சூடாக்குவதே அவர்களுக்கு அடுக்களை. அதுவும் போதாது, வெம்மை மிகினும் அலை தளரும். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தின் நீர்மட்டம், கணித வடிவிலான புவிமட்டத்தினும் ஏறத்தாழ 106 மீற்றர் தாழ்ந்திருப்பதற்கு, 2023 இல் பெங்களூர் இந்திய அறிவியற் கழக ஆய்வாளர் இருவர் கணினி மாதிரிகள் கொண்டு கூறிய காரணம் நீரன்று. ஆழத்தினின்று எழுந்த, அடர்த்தி குறைந்த வெம்பாறையே.

ஆயின் ஒரு சாட்சி உண்டு. பிறேசிலின் யூயினாப் பகுதியிற் கிடைத்த வைரமொன்றினுள் ரிங்வூடைற்று எனும் கனிமத்தின் நுண்துகள் சிக்கியிருந்தது. அதன் நிறையில் ஏறத்தாழ 1.5 வீதம் நீர் எனக் கனடாவின் கிரகாம் பியர்சன் குழுவினர் 2014 இல் அறிவித்தனர். காட்சியளவை கருதலுக்குக் கைகொடுத்த அரிய தருணம் அது. எனினும் துகள் ஒன்றே. படை முழுவதும் அவ்வாறே 'இருக்குமாயின்' கடல்கள் பலவற்றின் நீர் அங்குண்டு என்பது கணக்கு.

அந்த 'ஆயின்' என்னும் சொல்லே செய்தி பரவுகையில் முதலில் உதிர்ந்தது. எஞ்சியது 'பூமிக்கடியிற் பெருங்கடல்'. பளிங்கினுள் ஐதரசனும் ஒட்சிசனுமாய்ப் பிணைந்து கிடப்பதற்கு அலையில்லை, ஆழமில்லை, அள்ளுதற்கும் வழியில்லை. உவமையின்றிப் பாமரர்க்கு அறிவியல் எட்டாது என வாதிடுவோர் உளர். அவ்வாதம் முற்றும் தவறன்று. ஆயினும் கேட்பவர் யார் என்பதையும் எண்ணல் வேண்டும். 2004 டிசம்பர் 26 இற் கடல் ஏறிவந்த கரையில், கிணற்று நீர் உவர்த்துப்போனதைக் கண்ட குடும்பத்துக்குக் 'காலடியிற் கடல்' என்பது அலங்காரச் சொல் அன்று. அஃது அச்சமாகலாம், வீண் நம்பிக்கையுமாகலாம். உரையளவை சொல்வோனின் நேர்மையிலேயே நிலைபெறுவது. கேட்போன் அலையை அளக்கவோ வைரத்தை உடைக்கவோ இயலாதவன். ஆதலின் துணிவின் எல்லையை மறைப்பவன், மெய்யையே சொன்னாலும் அவனுக்குக் கடன்பட்டவனாகின்றான்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. வாவியின் இசையை அவர் நீரரமகளிர் பாடுவதாகச் செய்யுள் செய்தார். 1947 இல் வெளிவந்த 'யாழ் நூலி'லோ சுருதிகளை எண்ணாற் கணக்கிட்டார். செய்யுளைப் படித்த எவரும் வாவியில் அரமகளிரைத் தேடிப் போகவில்லை.