கூரைப் பாசியும் கொல்லாமையும்

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் மேற்குப் பகுதி மழை மிகுந்தது. அங்குள்ள வீடுகளின் ஷிங்கிள் கூரைகளில், வெயில் குன்றிய வடபுறச் சரிவிலே பாசி செழிக்கிறது. அது ஈரத்தைத் தேக்கி, ஓட்டின் விளிம்பைத் தூக்கி, அடிப்பலகையை உளுத்துப்போகச் செய்யும். அகற்றாவிடில் வீடு கெடும். அகற்றினால் ஓரறிவுயிர்கள் மடியும். ஆங்கு வாழும் சமண இல்லறத்தான் யாது செய்வான்?

அணுவிரதம் பூண்ட அவனால் நிலைத்திணை உயிர்களுக்கு நேரும் ஊற்றை முற்றும் விலக்க இயலாது. ஆயினும் இது அசட்டைக்கு இசைவாகாது. இம்சைக்கு வேர் சோர்வுடைமையே எனத் தத்துவார்த்த சூத்திரம் காட்டுகிறது. பாசி முற்றியபின் நஞ்சு தெளிப்பவன், முன்னர்த் தான் சோர்ந்திருந்ததற்கு அவ்வுயிர்களைத் தண்டிக்கிறான். உதிர்ந்த சருகைக் காலத்தே மெல்லக் கூட்டிக் கூரையை உலரவிடின் பாசி பற்றுவது குறையும். தோன்றாத உயிரைக் கொல்ல வேண்டுவதில்லை. அன்பர்களே, நம் கிணற்றடிக்கும் முற்றத்திற்கும் இதுவே நெறி.