நலம் என்னும் ஒரு சொல்

கடல் கடந்து படிக்கச் சென்ற மகன் வீட்டாருக்குச் சொல்லும் முதற் சொல் 'நலம்' என்பது. வீட்டார் அவனுக்குச் சொல்லும் முதற் சொல்லும் அதுவே. முன்பு கடிதத்தில் எழுதப்பட்ட அச்சொல் இன்று கைப்பேசியில் ஒலிக்கிறது. ஆனால் இரு கரையிலும் அச்சொல் எந்த அளவுக்கு உண்மை? உண்மையன்று எனில் அதைப் பொய் என்பதா, அன்பு என்பதா? பொய்யும் அன்பும் ஒரே சொல்லில் குடியிருக்க இயலுமா? நம் குடும்பங்கள் பலவற்றின் கேள்வியாக இது வளர்ந்துவிட்டது. ஆதலின் சற்றுப் பொறுமையாக இதனைச் சிந்திப்பது தகும்.

கருவேப்பிலங்குறிச்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒரு தலைமுறைக்கு முன் வெளியூர்ப் படிப்பு என்றால் விருத்தாசலம், சிதம்பரம், மிஞ்சினால் சென்னை. பீங்கான் தொழில் கற்க விருத்தாசலம். வேலை தேட நெய்வேலி. இன்று அயர்லாந்து, பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா, பிரித்தானியா என்னும் பெயர்கள் தேநீர்க் கடைப் பேச்சிலும் புழங்குகின்றன. அனைத்தும் கடலைத் தொட்டு நிற்கும் நாடுகள். எனவே பிள்ளைகள் அனுப்பும் படங்களில் பெரும்பாலும் நீலக் கடல் தெரிகிறது. படகுத் துறை தெரிகிறது. குளிராடை அணிந்த ஒரு சிரித்த முகம் தெரிகிறது.

படத்துக்கு வெளியே இருப்பது தெரிவதில்லை. ஓர் அறையில் நால்வர் தங்குவதும், ஒருநாள் பொங்கிய சோற்றை இரண்டு நாள் உண்பதும், ஒரு பாடத்தில் தவறிப்போனதும் படத்தில் வருவதில்லை. பிரித்தானியாவில் பட்டப் படிப்பு மாணவர் பாட காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யச் சட்டம் இடந்தருவதில்லை. 'பகுதி நேர வேலையிலேயே செலவை ஈடுகட்டிவிடலாம்' என்று இங்கே திண்ணையில் போட்ட கணக்கு அங்கே முதல் மாதத்திலேயே பிழையாகிறது. மருத்துவம் படிக்கச் சென்றவர் பட்டத்தோடு திரும்பினாலும் இந்தியாவில் ஒரு தகுதித் தேர்வு காத்திருக்கிறது. அதில் 300-க்கு 150 மதிப்பெண் பெற வேண்டும். எழுதுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் தேறாத பருவங்களே மிகுதி. இவற்றையெல்லாம் பிள்ளை அறிவான். ஆயினும் 'நலம்' என்கிறான்.

இக்கரையிலும் அப்படியே. முந்திரித் தோப்பு அடைமானத்தில் இருக்கிறது; தாயின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியிருக்கிறது; பாட்டி இறந்து அடக்கமும் முடிந்துவிட்டது. 'தேர்வு முடியட்டும், பிறகு சொல்லலாம்' என்று வீடே கூடித் தீர்மானித்துவிட்டு, 'இங்கே எல்லாரும் நலம்' என்கிறது.

இரண்டு துறைமுகங்கள்

இவ்வழக்கம் கைப்பேசியோடு பிறந்ததன்று. கி.பி. 383-ஆம் ஆண்டில் கார்த்தேஜ் துறைமுகத்தில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். தகாஸ்தே என்னும் உள்நாட்டுச் சிற்றூரில் பிறந்த அகுஸ்தீன், படிப்புக்காக அக்கடற்கரை நகரத்துக்கு வந்தவர். தந்தை பத்ரீசியுஸ் பெரும் செல்வர் அல்லர். பணம் போதாமையால் மகன் தம் 16-ஆம் வயதில் ஓர் ஆண்டு முழுவதும் படிப்பின்றி வீட்டிலிருக்க நேர்ந்தது. அதன் பின்னரே கார்த்தேஜுக்குப் போக வழி பிறந்தது. ரோமானியானுஸ் என்னும் ஊர்ச் செல்வரின் உதவியும் கிடைத்தது. கடன்பட்டும் கைநீட்டியும் பிள்ளையைப் படிக்கவைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று என்பதற்கு இது சான்று.

படித்து ஆசிரியராகி, 29-ஆம் வயதில் உரோமைக்குப் புறப்பட்டபோது தாய் மோனிக்கா துறைமுகம் வரை தொடர்ந்து வந்தார். திரும்பி வா, இல்லையேல் என்னையும் அழைத்துச் செல் என்பதே அவர் பிடிவாதம். நண்பர் ஒருவரை வழியனுப்பவே காத்திருப்பதாக மகன் பொய் சொன்னார். அருகிலிருந்த புனித சிப்ரியான் ஆலயத்தில் தாய் இரவைக் கழிக்க, மகன் கப்பலேறிவிட்டார். விடிந்தபோது கரையில் ஒரு தாயின் அழுகை மட்டும் இருந்தது. பிற்காலத்தில் தம் வாழ்வை எழுதியபோது, அதனைப் பொய் என்றே அவர் பெயரிட்டு எழுதினார்.

இரண்டாவது துறைமுகம் நம் சென்னை. 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன். கடல் கடப்பது சாதி விலக்குக்குரியது என்று கருதப்பட்ட காலம் அது. தாய் கோமளத்தம்மாளின் இசைவே அரிதாகத்தான் கிடைத்தது. கப்பலேறுவதற்குச் சில நாள் முன்னதாகவே தாயையும் இளம் மனைவி ஜானகியையும் அவர் கும்பகோணத்துக்கு இரயிலேற்றி அனுப்பிவிட்டார். அதன் பின்னரே குடுமியைக் களைந்தார். மேலை நாட்டு உடையை அணிந்தார். அந்தக் கோலத்தை அவர்கள் காண வேண்டாம் என்பதே காரணம்.

இருவரும் தாயை அப்புறப்படுத்திவிட்டுத்தான் கப்பலேறினர். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் பொய்யுரைத்தார், மற்றவர் பொய்யுரைக்கவில்லை. மகன் போகிறான் என்பதைத் தாய் அறிவார்; போகும் கோலம் ஒன்றே அவர் கண்ணுக்கு மறைக்கப்பட்டது. இந்த வேற்றுமையை மனத்தில் இருத்துவோம். நம் கேள்வியின் திறவுகோல் இங்கேதான் உள்ளது.

மறைத்தலின் விலை

ஆனால் மறைத்தலும் விலையின்றி முடிவதில்லை. கேம்பிரிட்ஜில் இராமானுஜன் தம் புலால் மறுத்த உணவைத் தாமே சமைத்தார். புளியும் தேங்காயெண்ணெயும் ஊரிலிருந்து போக வேண்டியிருந்தது. சென்ற ஆண்டிலேயே உலகப் போர் மூண்டது, காய்கறி அரிதாயிற்று, கடற்பயணம் ஆபத்தாயிற்று. 1917-இல் நோயுற்று மருத்துவமனைகளிலும் நலவாழ்வு இல்லங்களிலும் மாறி மாறிக் கிடந்தார். தொடக்கத்தில் அடிக்கடி ஊருக்குச் சென்ற கடிதங்கள் நாளடைவில் குறைந்தன. கணவன் மனைவியிடையே சென்ற கடிதங்களும் உரிய கையைச் சேராமல் வீட்டிலேயே தடுக்கப்பட்டன என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் பெருமையை அவர் பெற்றபோது உலகம் அறிந்த அளவுகூட அவர் உள்ளத்தை அவர் வீடு அறிந்திருக்குமா என்பது ஐயமே. 1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கியபோது வரவேற்கத் தாய் வந்திருந்தார், மனைவி வரவில்லை. அவர் எங்கே என்பதே மகன் கேட்ட கேள்வி. ஓராண்டு கழிந்து, 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் இராமானுஜன் மறைந்தார். ஐந்தாண்டுப் பிரிவில் சொல்லப்படாதவற்றைச் சொல்லித் தீர்க்க அந்த ஓராண்டு போதுமா?

நம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. வனைந்த பொருள் வெளியே உலர்ந்ததுபோல் தோன்றினும் உள்ளே ஈரம் இருக்குமாயின் சூளையில் அது வெடித்துவிடும். உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி மண்ணைப் பிளக்கிறது. ஈரம் இருப்பது குற்றமன்று. மண்ணுக்கு ஈரம் இயல்பு. அது மெல்ல வெளியேற நாளும் காற்றும் தராமல் நெருப்பில் வைப்பதே குற்றம். குடும்பங்களும் இவ்வாறே உடைகின்றன.

சான்றோர் சொன்னவை

தாயிடம் பொய் சொல்லிக் கப்பலேறிய அகுஸ்தீன்தாம் பிற்காலத்தில் பொய்மை பற்றி இரு நூல்களை எழுதினார். முதலாவது ஏறத்தாழ 395-இல், இரண்டாவது ஏறத்தாழ 420-இல். முதல் நூலில் பொய்யை எட்டு வகையாகப் பிரித்து, எட்டுமே தவறு என்றார். பிறரைக் காக்கச் சொல்லும் பொய்க்கும் அவர் விலக்கு அளிக்கவில்லை. அந்நூலில் அவர் போற்றும் ஒருவர், தம் சொந்த ஊரான தகாஸ்தேயில் முன்பு ஆயராயிருந்த ஃபிர்முஸ். அடைக்கலம் தேடி வந்தவனை அவர் ஒளித்துவைத்தார். பேரரசனின் ஆட்கள் வந்து கேட்டபோது, 'பொய்யும் சொல்லேன், காட்டியும் கொடேன்' என்னும் பொருள்பட விடையளித்து, வதைகளைத் தாங்கினார். பேரரசனே வியந்து அம்மனிதனை மன்னித்தான். உண்மையைச் சொல்லாதிருப்பது வேறு, பொய் சொல்லுவது வேறு என்பது இதனால் விளங்கும். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாரும் இதனை ஏற்றார். விளையாட்டுப் பொய், உதவிப் பொய், கேடு விளைக்கும் பொய் என மூவகை கண்டு, உதவிப் பொய்யின் குற்றம் சிறிது என்றார். எனினும் குற்றமே என்றார். உண்மையை விவேகத்தோடு மறைக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

நம் வள்ளுவரோ, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். இவ்விரு மரபுகளும் முரண்படுவதுபோல் தோன்றும். ஆனால் வள்ளுவர் இட்ட கட்டுப்பாட்டைக் கவனிப்போம். வெறும் நன்மை போதாது; குற்றமற்ற நன்மை வேண்டும். ஆகவே ஒவ்வொரு 'நலம்' என்னும் சொல்லையும் நோக்கி, இதனால் விளைவது யாருக்கு நன்மை, அதில் குற்றம் கலந்துள்ளதா என்று கேட்டாக வேண்டும்.

மூன்று உரைகற்கள்

'பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தாயால் என்ன செய்ய முடியும்? அவள் தூக்கத்தைக் கெடுப்பானேன்?' என்று பிள்ளைகள் கேட்கின்றனர். இக்கேள்வியை எளிதில் தள்ள முடியாது. காய்ச்சலில் கிடக்கும் மகனுக்குத் தாயால் ஒரு குவளை வெந்நீரும் தர இயலாது. அவன் குணமடைந்த பின் சொல்வதில் பெரும் பிழை இல்லை. ஆனால் எல்லா மறைப்பையும் இது நியாயப்படுத்திவிடுமா? நாம் மூன்று உரைகற்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, இம்மறைப்பு யாரைக் காக்கிறது என்பது. தாயின் ஓரிரவுத் தூக்கத்தைக் காக்க மறைப்பது ஒன்று. தவறிய பாடத்தை மறைத்துத் தன் மானத்தைக் காப்பது மற்றொன்று. இரண்டுக்கும் நாம் தரும் பெயர் 'அம்மா கவலைப்படுவாள்' என்பதே. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு.

இரண்டாவது, அவ்வுண்மை யாருக்கு உரியது என்பது. தோப்பு அடைமானத்தில் இருப்பதை மகன் அறிய உரிமையுடையவன். அவன் பெயராலன்றோ கடன் ஏறுகிறது? தொடர்ந்து படிப்பதா, படிப்பை மாற்றுவதா, திரும்பிவிடுவதா என அவன் முடிவெடுக்கும்போது அந்த உண்மை இல்லாமல் எடுக்கும் முடிவு பாதி முடிவே. அவ்வாறே, வளர்த்த பாட்டிக்காக அழும் உரிமையும் அவனுக்கு உண்டு. எட்டு மாதம் கழித்து வீட்டுக்குள் நுழைகையில் மாலையிட்ட படத்தைக் கண்டு அறிந்துகொள்ளும் பிள்ளை, 'இன்னும் எவற்றையெல்லாம் மறைத்தீர்கள்?' என்று கேட்டால் நம்மிடம் விடை இல்லை.

மூன்றாவது, இம்மறைப்புக்கு முடிவு நாள் உண்டா என்பது. 'தேர்வு முடிந்ததும் சொல்வோம்' என்பதற்கு ஒரு நாள் உண்டு. 'எப்போதாவது சொல்லலாம்' என்பதற்கு இல்லை. முடிவு நாள் இல்லாத மௌனம் மெல்ல மெல்லப் பொய்யாக மாறிவிடும். ஒரு நாள் மறைக்க மௌனம் போதும்; ஓராண்டு மறைக்கப் புதுப்புதுக் கதைகள் வேண்டும்.

இவற்றுக்கும் மேலாக ஒன்று. தாயால் எதுவும் செய்ய இயலாது என்பது முழு உண்மையன்று. தன் மகன் இப்போது யாராக இருக்கிறான் என்பதை அவள் அறிய முடியும். அறியப்படுதலே பாதி ஆறுதல். கடற்கரைப் படத்தில் சிரிக்கும் முகத்தை மட்டும் நேசிக்கும் வீடு, அம்முகத்துக்குப் பின்னால் வாழும் பிள்ளையை நேசிக்க வாய்ப்பின்றிப் போகிறது. அவனோ, நேசிக்கப்படுவது தான் அல்லன், தன் படமே என்று உணர்ந்து மேலும் தனிமையாகிறான்.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் வெடித்தபோது அங்கிருந்த நம் மாணவர்களால் எதையும் மறைக்க இயலவில்லை. கருங்கடல் துறைமுகமான ஒடேசா முதல் கார்கிவ் வரை நிலவறைகளில் பதுங்கியிருந்தவாறே பேசினர். 'குண்டு விழுகிறது, பசிக்கிறது, பயமாயிருக்கிறது' என்றனர். 'ஆபரேஷன் கங்கா' என்னும் பெயரில் 90 விமானப் பயணங்களில் ஏறத்தாழ 22,500 இந்தியர் நாடு திரும்பினர்; பெரும்பாலோர் மாணவர். அந்நாள்களில் தமிழகத்துத் தாய்மார் நொறுங்கிப்போகவில்லை. அலுவலகங்களின் வாசலில் நின்றனர். எண்களைத் தேடி அழைத்தனர். இரவெல்லாம் மகளோடு பேசி அவளை விழித்திருக்கச் செய்தனர். உண்மையைத் தாங்கும் வலிமை நம் வீடுகளுக்கு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கேட்பவர் கடமை

இதுவரை சொல்பவரின் கடமையையே பேசினோம். கேட்பவரின் கடமை அதனினும் பெரிது. 'உனக்காக எல்லாவற்றையும் விற்றோம்' என்று நாள்தோறும் நினைவூட்டும் வீட்டில், 'தவறிவிட்டேன்' என்று எந்தப் பிள்ளை சொல்லும்? உறவினர் முன் பெருமை பேசுவதற்காகவே பிள்ளையை அனுப்பிய தந்தை, அவன் பொய் சொன்னான் என்று வருந்துவதில் நீதி இல்லை. உண்மைக்கு நாமே பெருவிலை வைத்துவிட்டு, பிள்ளை அதனை வாங்கவில்லை என்று குறை கூறலாமா?

ஆகவே பிள்ளையை வழியனுப்பும் பெற்றோர் பெட்டியில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் வைக்கும்போது, ஒரு சொல்லையும் சேர்த்து அனுப்புவார்களாக: 'முடியாவிட்டால் திரும்பி வந்துவிடு; கடனை நாம் சேர்ந்து அடைப்போம்.' இச்சொல்லைப் பெற்றுச் சென்ற பிள்ளை பெரும்பாலும் திரும்புவதில்லை, படித்தே முடிக்கிறான். பெறாத பிள்ளையோ, திரும்ப வேண்டிய நாளிலும் திரும்ப வழியறியாமல் நிற்கிறான். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதையும் புறப்படுமுன் ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுப்பது குற்றம் சுமத்துவதாகாது. அவனை வளர்ந்தவனாக மதிப்பதாகும்.

அகுஸ்தீன் விட்டுச்சென்ற தாய் கரையிலேயே நின்றுவிடவில்லை. தாமும் கடலைக் கடந்து மிலான் நகரில் மகனை அடைந்தார். 387-இல் இருவரும் ஊர் திரும்பக் கப்பலுக்காக ஓஸ்தியா துறைமுகத்தில் காத்திருந்தனர். ஒருநாள் தோட்டத்தை நோக்கிய சன்னலருகே நின்று, ஒளிவு மறைவின்றி நெடுநேரம் உரையாடினர். சில நாள்களில் தாய் அங்கேயே இறந்தார். பொய்யில் பிரிந்தவர்களுக்கு இறுதியில் அந்த ஓர் உரையாடல் வாய்த்தது. எல்லாருக்கும் அது வாய்க்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆதலின் இவ்வார இறுதியில் அயல்நாட்டிலிருந்து அழைப்பு வரும்போது, 'நலமா?' என்று கேட்டு அவன் 'நலம்' என்றதும் பேச்சை முடித்துவிடாமல், 'இன்று என்ன சாப்பிட்டாய், யாரோடு பேசினாய், எது கடினமாக இருக்கிறது?' என்று கேட்போம். அவன் சொல்லும்வரை காத்திருப்போம். பிறகு நம் வீட்டு நிலையையும் உள்ளபடி சொல்வோம்.