வென்றவர்க்கும் அழ உரிமை உண்டு

பொறுமை என்பது யாது? துன்பத்தை உணராதிருப்பதா, உணர்ந்தும் நிலைகுலையாதிருப்பதா? சிவகாசிக்கும் சாத்தூருக்கும் அருகிலுள்ள தாயில்பட்டி வட்டாரத்தில் இவ்வினா அன்றாட வாழ்வின் வினாவாகும். பட்டாசுத் தொழிலே இங்கு பலருக்குச் சோறு. மருந்து உராய்ந்து தீப்பற்றினால், கண்ணிமைக்கும் பொழுதில் கையையோ கண்ணையோ உயிரையோ கொண்டு போய்விடும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துகளில் பிழைத்தோர் வடுக்களோடு எஞ்சிய நாளைக் கழிக்க வேண்டியவராகின்றனர்.

அவர்களைத் தேற்றப் புகும் நம் நாவில் எளிதாய் வரும் பெயர் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கப் பெற்றவர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். "அவரால் முடிந்தது, உன்னால் முடியாதா?" என்கிறோம். நல்லெண்ணத்தில் எழும் சொல்தான். ஆயினும் அதனுள் இரண்டு அநீதிகள் உறைகின்றன.

முதலாவது, கேட்பவர்க்கு இழைக்கப்படுவது. மைதானமும் பயிற்சியாளரும் கிட்டாத ஒருவர் முன்னேறாது போனால், அதனை அவரது மனவலிமைக் குறையென எண்ணிவிடுகிறோம்.

இரண்டாவது, வென்றவர்க்கு இழைக்கப்படுவது. துயரை வென்றவர் என்று பட்டம் சூட்டியபின், அவர் துயருற நாம் இடம் வைப்பதில்லை. தோல்வியச்சம், காயம், ஓய்வுக்குப் பின் வரும் வெறுமை ஆகியவை எல்லா வீரர்க்கும் உள்ளவை. இவர்க்கோ, தம் குறை எவ்வளவு என்று பிறர் அளந்து போட்டிப் பிரிவை முடிவு செய்ய, உடலைக் காட்டி நிற்கும் நிலையும் உண்டு.

2021-இல் டோக்கியோவில் மாரியப்பன் தேசியக் கொடியேந்திச் செல்ல இருந்தார். விமானத்தில் உடன் வந்தவர்க்குக் கொரோனா கண்டதால் தனிமைப்படுத்தப்பட்டு, அப்பேற்றை இழந்தார். போட்டி நாளில் மழை. காலுறை நனைந்தது இடையூறாயிற்று என்றார். 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். சில வாரங்களுக்கு முன் அதே நகரில், அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் மனநலத்தை முன்னிட்டுக் குழுப் போட்டியினின்று விலகினார். பலர் அவரது துணிவைப் போற்றினர். நம்மூர் மாற்றுத்திறனாளி வீரர் ஒருவர் அவ்வாறு விலகினால், நாமும் போற்றுவோமா?

யஃகூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். அழகிய பொறுமையைப் பேசிய அவர்களே, மகனை நினைந்து கண்கள் வெளுத்துப்போகும் அளவுக்குத் துயருற்றார்கள். அத்துயர் அவர்களது பொறுமைக்கு மாசாகவில்லை. 'ஸப்ர்' என்னும் அரபுச் சொல்லின் மூலப்பொருள் தடுத்து நிறுத்துதல். வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் கரைக்கு அதனை ஒப்பிடலாம். வெள்ளமே இல்லையென்று நடிப்பது பொறுமையாகாது.

மனநோயையும் உடற்குறைகளோடு சேர்த்தே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. காலுக்கு மருத்துவரை நாடுவது இழிவன்றெனில், மனத்திற்கு நாடுவதும் இழிவன்று. 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

அதற்கும் முன்பாக வீட்டாரின் கடமை ஒன்றுண்டு. "உன்னால் முடியும்" என்று சொல்லுமுன், "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். விடை முடியும்வரை இடைமறியாதீர்கள்.