வீடு தூரமாகலாம், உறவு தூரமாகக் கூடாது

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்து இந்த ஜும்ஆ உரையை ஆரம்பிக்கிறேன்.



நம்முடைய தஞ்சை டெல்டா பகுதியில் பல குடும்பங்களில் மனவருத்தத்தை உண்டாக்கியிருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி இன்று பேசுவோம். சொந்த ஊரில், சொந்தபந்தங்களுக்கு நடுவில் வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடியாமல் பிள்ளைகள் வெளியே போகிறார்கள். அதை வைத்து உறவுகள் முறிகின்றன.

அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து நிக்காஹ் செய்வது பழைய வழக்கம். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி பக்கம் வந்தால், பாட்டனார் கட்டிய ஒரே வீட்டில் கூடத்தையும் கொல்லையையும் அண்ணன் தம்பிகள் பங்கு போட்டு, இனிப் பிரிக்க இடமில்லை என்ற நிலை. தெருவுக்குள் ஒரு மனை விலைக்கு வந்தால், வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ளவர்தான் வாங்க முடிகிறது. ஊரைத் தாண்டினால் நஞ்சை. அதை நினைத்தபடி மனையாக்க முடியாது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிள்ளை என்ன செய்வான்? வல்லம், விளார், நாஞ்சிக்கோட்டை என்று தஞ்சாவூரின் ஓரங்களுக்குப் போகிறான். சிலர் திருச்சிக்கு, சிலர் சென்னைக்குப் போகிறார்கள்.

அவன் போனதும் ஊரில் என்ன பேச்சு? "பொண்டாட்டி பேச்சைக் கேட்டு வாப்பா உம்மாவை விட்டுட்டுப் போயிட்டான்" என்கிறார்கள். அவன் போனது வாடகை கொடுக்க முடியாமல் என்பதை யாரும் கேட்பதில்லை.

இடம் மாறுவது குற்றமா?

சகோதரர்களே! வீடு என்பது நிம்மதிக்கான இடம் என்று அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அதைச் சொல்லிக் காட்டுகிறான் (அல்குர்ஆன் 16:80). பூமியை நமக்கு வசப்படுத்தித் தந்து, அதன் பல பாகங்களிலும் நடந்து அவனுடைய ரிஸ்கைத் தேடி உண்ணச் சொல்கிறான் (67:15). தலாக் சொல்லப்பட்ட பெண்களுக்குத் தங்குமிடம் தருவதைப் பற்றிப் பேசும் வசனத்திலும், உங்கள் வசதிக்கு ஏற்ப என்றுதான் அல்லாஹ் சொல்கிறான் (65:6). வசதிக்கு மீறிய வீட்டை மார்க்கம் யார் மீதும் சுமத்தவில்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்பது ஊர் வழக்கம், அது ஷரீஅத்தின் சட்டமல்ல.

மதீனாவில் பனூ ஸலிமா கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவியை விட்டுத் தூரத்தில் குடியிருந்தார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் குடிவர ஆசைப்பட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள்? நீங்கள் இருக்கும் இடத்திலேயே இருங்கள், நீங்கள் நடந்து வரும் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்ற கருத்தில் சொன்னார்கள் (நூல்: முஸ்லிம்). தூரம் அவர்களுக்கு இழப்பாக இருக்கவில்லை, நன்மையாக ஆனது. எதனால்? அவர்கள் நடந்து வந்ததனால்!

உமர் (ரலி) அவர்களும் மதீனாவின் புறநகரில்தான் குடியிருந்தார்கள். அவர்களும் அன்சாரித் தோழர் ஒருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இவர் நபியவர்களின் சபைக்கு வருவார், மறுநாள் அவர் வருவார். வந்தவர் அன்றைய வஹீயையும் செய்திகளையும் மற்றவருக்குப் போய்ச் சொல்வார் (நூல்: புகாரி 89). தூரத்தில் இருப்பவன் தொடர்பில் இருக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை இதிலிருந்து படிக்கிறோம்.

எது ஹராம்?

உறவைத் துண்டிப்பவன் சொர்க்கம் நுழைய மாட்டான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி 5984). அந்த எச்சரிக்கை துண்டிப்பவனுக்கு. ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு, கொல்லைப் பாதைத் தகராறில் பத்து வருடம் ஸலாம் சொல்லாத அண்ணன் தம்பிகள் நம்மில் இல்லையா? பக்கத்தில் இருப்பதே உறவைச் சேர்ப்பது ஆகிவிடாது.

நம் முன்னோர்களை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஒரு கடிதம் வந்து சேர நாட்கணக்கில் ஆகும். ஆனாலும் உறவைக் காத்தார்கள். இன்று அதிராம்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் சுமார் 60 கிலோமீட்டர். கையில் செல்போன் இருக்கிறது. ஆனால் பெரியத்தா படுத்த படுக்கையாகக் கிடக்கும் செய்தி மூன்று மாதம் கழித்துத் தெரிய வருகிறது!

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் தென்னைகள் சாய்ந்து கூரைகள் பறந்தபோது, வெளியூரில் குடியிருந்த பிள்ளைகள் தார்ப்பாயும் அரிசியும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடி வந்தார்கள். தூரத்தில் ஒரு பிள்ளை இருப்பதும் குடும்பத்துக்கு ஒரு பலம்தான்.

மூன்று தரப்பினருக்கு

முதலாவது, வெளியே குடிபோன பிள்ளைகளுக்கு. உறவினருக்கு அவருடைய உரிமையைக் கொடு என்கிறான் அல்லாஹ் (17:26). மாதத்தில் இத்தனையாவது வாரம் ஊருக்குப் போவோம் என்று ஒரு முறை வையுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். நன்னியின் மடியில் உட்காராத பிள்ளைக்கு உறவு என்பது வெறும் பெயராகிவிடும். உம்மாவின் மருந்துச் செலவில் உங்கள் பங்கை ஊரில் இருக்கும் தம்பி கேட்கும் முன் அனுப்புங்கள். அருகில் இருப்பவன் உடலால் கித்மத் செய்கிறான், நீங்கள் பொருளால் செய்யுங்கள். உறவைச் சேர்ப்பவருக்கு ரிஸ்கிலும் ஆயுளிலும் விசாலம் உண்டு என்பது நபிமொழி (புகாரி 5986). வாடகைக்குப் பயந்து போனவர்களே, பஸ் கட்டணத்துக்குப் பயப்படாதீர்கள்!

இரண்டாவது, ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு. இப்ராஹீம் (அலை) அவர்கள் மகன் இஸ்மாயீல் (அலை) அவர்களை மக்காவின் பள்ளத்தாக்கில் குடியமர்த்தியிருந்தார்கள். பிறகு மகனுடைய வீட்டுக்கு அவர்களே தேடி வந்தார்கள். முதல் முறை மகன் வீட்டில் இல்லை. மீண்டும் வந்தார்கள், அப்போதும் இல்லை. மூன்றாம் முறையும் வந்தார்கள் (புகாரி 3364). தந்தை வயதில் மூத்தவர், அவரே பயணம் செய்தார். "வந்தால் அவன் வரட்டும்" என்று நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு தடவை அவனுடைய இரண்டு அறை வீட்டுக்குப் போய் அவர்களோடு சாப்பிட்டு துஆ செய்துவிட்டு வாருங்கள். அந்த மருமகளின் மனம் எவ்வளவு குளிரும்!

மூன்றாவது, வீடு வாசல் உள்ளவர்களுக்கு. இதைக் கவனமாகக் கேளுங்கள். நம் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை? உரிமையாளர் துபாயிலோ மலேசியாவிலோ இருக்கிறார். தங்கச்சி மகன் அதே ஊரில் வாடகைக்கு அலைகிறான். விரும்புவதிலிருந்து செலவு செய்யாதவரை நன்மையை அடைய மாட்டீர்கள் என்ற கருத்துடைய வசனம் (3:92) இறங்கியதும், அபூதல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிகவும் பிரியமான பைருஹா தோட்டத்தை அல்லாஹ்வுக்காகக் கொடுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை அவருடைய உறவினர்களுக்கே கொடுக்கும்படி சொன்னார்கள். அவர் தம் நெருங்கிய உறவினர்களுக்கும் தந்தையின் சகோதரர் பிள்ளைகளுக்கும் பங்கிட்டார்கள் (புகாரி 1461). உங்கள் வீட்டை இனாமாக எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. பூட்டி வைப்பதற்குப் பதில், கட்டுபடியாகும் வாடகைக்கு உறவுப் பிள்ளைக்குக் கொடுங்கள். நாளை தகராறு வராமல் எழுதி, சாட்சி வைத்துக் கொடுங்கள். ஜமாஅத் நிர்வாகமும் இதற்கு நடுவில் நின்று உதவலாம்.

ஓர் எச்சரிக்கை

கௌரவத்துக்காக ஊருக்குள்தான் வீடு என்று வட்டிக் கடனில் விழாதீர்கள். வட்டியில் கட்டிய மாடியை விட ஹலாலான வாடகை வீடு மேலானது. விலை மலிவு என்று வயலில் கல் நட்டு விற்கும் மனைகளிலும் ஏமாறாதீர்கள். அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, சேமித்த பணத்தையெல்லாம் அவற்றில் போட்டவர்கள் எவ்வளவு தவித்தார்கள் என்பதை நாம் அறிவோம். பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் மூன்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் ஐப்பசி மழை பெய்தாலும் அந்த இடத்தில் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள்.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! பதிலுக்குப் பதில் செய்பவர் உறவைச் சேர்ப்பவர் அல்ல, முறிந்த உறவைப் போய்ச் சேர்ப்பவரே உண்மையில் சேர்ப்பவர் என்று நபியவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள் (புகாரி 5991). இன்று ஜும்ஆ முடிந்ததும், வெளியூர் போய்ப் பேச்சு நின்றுபோன ஒருவருக்காவது போன் செய்து ஸலாம் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! வீடில்லாமல் தவிப்பவர்களுக்கு ஹலாலான, விசாலமான வீட்டைத் தருவாயாக! இருக்கும் வீட்டில் பரக்கத் செய்வாயாக! பிரிந்து வாழும் எங்கள் உறவுகளின் உள்ளங்களை ஒன்று சேர்ப்பாயாக! நாளை சொர்க்கத்தில் எங்கள் பெற்றோருடனும் பிள்ளைகளுடனும் எங்களை ஒன்றாகக் குடியமர்த்துவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.