மாட்டேன் என்ற குதிரை

நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கிவிட்டு, கலங்கரை விளக்கம் தாண்டி மெரினா மணலில் கொஞ்சம் நடங்கள். சவாரிக் குதிரை ஒன்று நிற்கும். வெயில், கயிறு, முதுகில் யாரோ ஒரு குழந்தை. 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று சொல்லிவிட்டு நகர்வோம்.

அதே நாம், டி.வி.யில் வியன்னா குதிரைகளைப் பற்றிக் கலைப்படம் ஓடினால் கண் கொட்டாமல் பார்ப்போம். லிப்பிசானர் என்ற உயர்ந்த இனம். பிறக்கும்போது கறுத்திருந்து, வளர வளர வெளுக்கும். நானூறு வருஷத்துக்கு மேல் பழமையான ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளியில் வருஷக்கணக்கில் பழக்குகிறார்கள். இசைக்கேற்ப, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கும். அந்தரத்தில் தாவிப் பின்னங்காலை உதைக்கும். மேலே இருப்பவர் அசைவதே தெரியாது. 'ஆஹா!' என்போம்.

யோசித்தால், இரண்டு குதிரைக்கும் எஜமான் மனிதன்தான். ஒன்றில் கட்டாயம் கண்ணில் படுகிறது, மற்றதில் படவில்லை. கண்ணில் படாவிட்டால் கட்டாயமே இல்லை என்று ஆகிவிடுமா?

டிரஸ்ஸாஜ் என்கிற இந்தக் கலையில், 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் அணியும் தங்கம் வாங்கியது. இதில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர் இங்கிலாந்தின் ஷார்லட் டுஜார்டின். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சில நாள் முன்பு ஒரு பழைய வீடியோ வெளியானது. பயிற்சியில் ஒரு குதிரையின் காலில் நீளச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடிக்கிறார். போட்டியிலிருந்து விலகினார். ஒரு வருஷம் தடை.

அப்படியானால் கலையே பொய்யா? இல்லை. 2,300 வருஷங்களுக்கு முன்பே கிரேக்க வீரர் ஜெனபோன் இதற்குப் பதில் எழுதிவிட்டார். குதிரை தானாகத் துள்ளும்போது என்ன அழகோ, அதைத்தான் சவாரிக்காரன் அதனிடமிருந்து வரவழைக்க வேண்டும். அடித்து வாங்குவதில் அழகு கிடையாது என்பது அவர் கட்சி.

ஆனால் கேட்டு வாங்கியதா, அடித்து வாங்கியதா என்று மேடையில் தெரியாது. குதிரை 'மாட்டேன்' என்று நின்ற நாளில் என்ன நடந்தது என்பதில்தான் அது இருக்கிறது. அன்று அவர் கீழே இறங்கி, காலில் வலியா, முதுகில் புண்ணா என்று பார்த்தாரா? இல்லை, சாட்டையைத் தேடினாரா?

இந்தச் சோதனையில் இனமும் அரண்மனையும் செல்லாது. ஒற்றைக் குதிரையை நம்பிப் பிழைக்கிற கடற்கரைக்காரர், 'நொண்டுது சார், இன்னிக்கு வேணாம்' என்று ஞாயிற்றுக்கிழமை வரும்படியை விட்டால், அவர் எந்த உலகப் பயிற்சியாளருக்கும் குறைந்தவர் இல்லை.

ஆனால் அந்த நல்ல மனசுக்கு அன்று ராத்திரி விலை கொடுப்பது அவர் வீட்டு அடுப்பு. அழுகிற குழந்தையைச் சமாதானம் செய்ய, 'ஒரே ஒரு ரவுண்டுப்பா, ஐம்பது ரூபா சேர்த்துத் தரேன்' என்று நாம் கெஞ்சினால், சாட்டையை எடுத்துக் கொடுப்பது யார்?